ஆடிக்கு முன் ஒரு சதுர அடி

1976 யூலை 14, புதன்

கடும் குளிர்; இந்த நாட்டில் யூலைதான் குளிர்காலம். விரல் மடங்கவில்லை. பால் வந்தது, ரொட்டி பிந்தியது.

நகரசபையிடமிருந்து இன்றும் கடிதம் இல்லை. கடை முகப்பைத் திருத்தினால் பாதிச் செலவு தருவார்களாம். மருமகன் தேவனின் கடை: பால், பத்திரிகை, ஐஸ்கிரீம், பின் தட்டில் நம்மவர்க்கு மிளகாய்த்தூள். வாசலுக்கு மேலுள்ள கூரைத் தகரம் தொங்குகிறது. மழையில் ஆட்கள் எதிர்ப்பக்கக் கடைக்குப் போகிறார்கள். தேவன் கையில் ஒன்றுமில்லை. இந்தப் பணம் வராவிட்டால் கடை இந்தக் குளிரைத் தாண்டாது.

விண்ணப்பம் நிரப்பியவன் நான். ஏழாம் நிபந்தனை: அனுமதி வருமுன் வேலை தொடங்கினால் ஒரு சதமும் கிடையாது.

மத்தியானம் மகள் வசந்தி பஞ்சாங்கத்தோடு வந்தாள். "அப்பா, வெள்ளி ஆடி பிறக்குது. ஆடியிலை ஒண்டும் தொடங்கேலாது. நாளைக்குக் காலமை நல்ல நேரம். மூத்த ஆள் நீங்கள் ஒருக்கால் பெயின்ற் தொட்டு விட்டால், மிச்சத்தை எப்பவும் செய்யலாம்."

ஏழாம் நிபந்தனையைச் சொன்னேன்.

"அது அவையின்ரை நிபந்தனை. இது எங்கடை."

எனக்கு இரண்டிலும் பயம்.

யூலை 15, வியாழன்

காற்று. தொட்டாகிவிட்டது.

புதுப் பெயின்ற் வாங்குவது கடிதம் வந்த பிறகுதான். குளியலறைக்கு அடித்து மிஞ்சியதை வசந்தி தந்தாள். ரோசா நிறம். "தொடக்கம்தானே, என்ன நிறமெண்டால் என்ன?"

ஒரு இழுப்புப் போதும் என்றாள். இழுத்தேன். அலங்கோலம். மனம் கேட்கவில்லை. அடிமட்டம், பென்சில், ஓரத்துக்கு ஒட்டுநாடா. கதவுக்கு இடப்பக்கம் ஒரு சதுர அடி. ஊரில் நில அளவைக் கந்தோரில் படம் வரைந்த கை. நன்றாக வந்திருக்கிறது என்று நினைக்கிறேன். நிச்சயமில்லை.

தேவன் வெளியே வந்தார். "மாமா, இதென்ன?"

"நாளைக்கு ஆடி, தம்பி..."

"இஞ்சை ஆடியிலை ஆக்கள் பனியிலை சறுக்கி விளையாடினம், மாமா."

ஐஸ்கிரீம் விளம்பரப் பலகையைத் தூக்கி வந்து சதுரத்தை மறைத்தார். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இரவு சாப்பாட்டைப் பாதியில் மூடி வைத்தேன். புட்டு.

யூலை 19, திங்கள்

தூறல். நகரசபை மனிதர் வந்தார், அறிவிக்காமல். இந்தக் குளிரிலும் அரைக் காற்சட்டை, முழங்கால் வரை காலுறை. வேலைக்கு முந்திய நிலையைப் படம் எடுக்கவாம். தேவன் வங்கிக்குப் போயிருந்தார். வசந்தி உள்ளே மில்க் ஷேக் அடித்துக்கொண்டிருந்தாள். வாசலில் நான் மட்டும்.

பலகையை அவரே நகர்த்தினார். "வேலை தொடங்கிவிட்டீர்களா?"

கற்ற இங்கிலீஷ் முழுவதும் போய்விட்டது.

உள்ளிருந்து வசந்தி, தமிழில்: "பிள்ளையள் கிறுக்கினதெண்டு சொல்லுங்கோ அப்பா!"

எந்தப் பிள்ளை அடிமட்டம் வைத்துக் கிறுக்கும்?

உண்மையைச் சொல்லிவிட வாய் திறந்தேன். "ஐயா, எங்கள் நாட்காட்டியில் ஒரு மாதம்..."

அவர் குனிந்து ஓரத்தைத் தடவிப் பார்த்தார். "ஓ, நிற மாதிரியா? மற்றவர்கள் ஒரு துண்டுக் கடதாசி அனுப்புவார்கள். இவ்வளவு நேர்த்தியாகச் சுவரிலேயே ஒருவரும் காட்டியதில்லை. மாதிரி வேலையில் சேராது. இந்த நிறம்தானே?"

தலை அசைந்தது. ஆமா, இல்லையா, எனக்கே தெரியாது. நம் தலை அசைவதே அப்படி. அவர் ஆம் என்று எழுதிக்கொண்டார்.

இது பொய்யில் சேருமா? சொல்லாத பொய். யோசிக்க வேண்டும்.

யூலை 23, வெள்ளி

வெயில். அனுமதி கிடைத்தது! பாதிச் செலவு தருகிறார்கள். கடைசி வரி: முகப்பு முழுவதும் காட்டிய மாதிரி நிறத்திலேயே இருக்க வேண்டும்.

தேவன் மண்ணிறம் அடிக்க எண்ணியிருந்தார். கடிதத்தை வாசித்தார், சதுரத்தைப் பார்த்தார், திரும்பவும் வாசித்தார்.

"வசந்தி! கடை முழுக்க உன்ரை குளியலறை!"

"காசு வருகுதோ இல்லையோ?"

"வருகுது."

"அப்ப பேசாமல் அடியுங்கோ."

நகரசபைக்குப் போய் உண்மையைச் சொல்லட்டுமா என்று கேட்டேன்.

"மாமா, உங்களைக் கும்பிட்டன். வாயும் திறக்காதேங்கோ, தலையும் ஆட்டாதேங்கோ."

ஓகஸ்ட் 6, வெள்ளி

மேகமூட்டம். பெயின்ற் காய்ந்துவிட்டது. புதுத் தகரம், ஒழுக்கு இல்லை. தெருமுனையிலிருந்தே கடை ரோசாவாகத் தெரிகிறது. அவ்வளவு தெரிய வேண்டுமா என்பது வேறு.

பக்கத்துக் கடையில் மீன் பொரிக்கும் கிரேக்கர் வந்து, உங்கள் வீட்டில் யாருக்குக் கல்யாணம் என்று கேட்டுப் போனார்.

முந்தாநாள் ஒரு வெள்ளைக்காரக் கிழவி உள்ளே வந்து கதிரையில் உட்கார்ந்து தொப்பியைக் கழற்றினார். தலைமுடி சுருட்ட வந்தாராம்; இந்த ஊரில் ரோசா முகப்பென்றால் தலைமுடிக் கடைதானாம். தேவன் மில்க் ஷேக் கொடுத்து அனுப்பினார். நேற்று இருவர். இன்று காலை நால்வர். எல்லாரும் தலைமுடிக்கு.

பின்னேரம் தேவன் தொலைபேசியில், மெல்லிய குரலில், யாரிடமோ விலை கேட்டுக்கொண்டிருந்தார். தலைமுடி உலர்த்தும் இயந்திரம். பழையதானாலும் பரவாயில்லையாம்.