துட்டி வீட்டில் இடித்த கடுகு

கழுகாசலமூர்த்தி துணை

நாகலாபுரம்
82-ம் வருஷம் ஆவணி, வெள்ளிக்கிழமை

அன்பு மகள் முப்பிடாதிக்கு அம்மா பாலம்மாள் எழுதிக்கொண்டது. வடக்கே புசாவலில் நீயும் மருமகன் செண்பகராஜும் உன் மாமியாரும் வயிற்றில் இருக்கிற பிள்ளையும் சுகமாக இருக்க அம்மனை வேண்டிக்கொள்கிறேன். இங்கே நான் இருக்கிறேன், பசு இருக்கிறது, கிணற்றடி அத்தி இருக்கிறது. சுகம் என்று எழுதக் கை வரவில்லை. இதுவரைக்கும் உனக்குக் கடிதம் எழுதினதெல்லாம் உங்க ஐயாதான். நான் பக்கத்தில் உட்கார்ந்து இதை எழுதுங்க அதை எழுதுங்க என்று சொல்லுவேன், அவர் நான் சொன்னதில் பாதியை விட்டுவிட்டு மழையையும் பருத்தியையும் எழுதி முடித்துவிடுவார். இப்போது விடுவதற்கு ஆள் இல்லை, அதனால் எல்லாவற்றையும் எழுதப்போகிறேன். எழுத்துக் கோணலாக இருந்தாலும் முழுசாகப் படி. மாமியாருக்கு வாசித்துக் காட்டவேண்டும் என்றாலும் காட்டு, எனக்கு ஒரு பயமும் இல்லை.

உன் கடிதம் வந்தது. தலைப்பிரசவத்தை இங்கேயே பார்த்துக்கொள்ளலாம், உங்க அம்மா வீடு சாவு விழுந்த துட்டி வீடு, வருஷம் திரும்புகிற வரைக்கும் அங்கே காலெடுத்து வைக்கக்கூடாது என்று அத்தை சொல்லிவிட்டார்கள் என்று எழுதியிருக்கிறாய். அத்திப்பழத்தில் கடுகு போட்டதை அனுப்பவேண்டாம், தீட்டோடு செய்ததாமே, ஊரெல்லாம் பேசுகிறதாமே என்று எழுதியிருக்கிறாய். அதற்கும் கீழே, ஐயாவை நினைத்து நான் அழவில்லை அம்மா, அழுதால் பிள்ளைக்கு ஆகாது என்று அத்தை சொன்னார்கள், நீயும் அழாதே என்று ஒரு வரி. ஏட்டி, அதை எழுதும்போது உனக்குக் கை கூசவில்லையா? பெற்ற தகப்பனுக்கு அழுவதற்கு மாமியாரிடம் உத்தரவு கேட்ட பிள்ளையை நான் இப்போதுதான் பார்க்கிறேன். சின்ன வயசில் ஒரு ஆட்டுக்குட்டி செத்ததற்கு ரெண்டு நாள் சோறு தின்னாமல் கிடந்தவள் நீ. ஆட்டுக்குட்டிக்கு இருந்த மதிப்பு உங்க ஐயாவுக்கு இல்லாமல் போய்விட்டதா என்று கேட்டுக்கொண்டே அன்றைக்குப் பூராவும் வீட்டைக் கூட்டினேன். கூட்டின இடத்தையே திரும்பத் திரும்பக் கூட்டினேன்.

உங்க ஐயா மேலும் எனக்குக் கோபம்தான், செத்தவர் என்று விட்டுவிட மாட்டேன். ஆடி உழவு முடித்து வந்தவர் நெஞ்சைத் தடவிக்கொண்டு உட்கார்ந்தார். என்ன செய்யுது என்று கேட்டேன். ஒண்ணுமில்லட்டி, வாய்வு, இஞ்சி தட்டிக் குடு என்றார். மறுநாளும் இஞ்சி. கோவில்பட்டிக்குப் போய் டாக்டரைப் பார்ப்போம் என்றால், வாய்வுக்குப் போயி பஸ்ஸேறுனா டாக்டர் சிரிக்கமாட்டாரா என்று என்னைக் கேட்டார். டாக்டர் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டுமே, அதற்கு வெட்கப்பட்டு ஒரு மனுஷன் சாவாரா? கடைசியில் நானே கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். பஸ் வருவதற்குள் புளியமரத்தடியில் என் மடியில் சாய்ந்துவிட்டார். பஸ் வந்து நின்றது, கண்டக்டர் இறங்கிப் பார்த்தான், விசில் ஊதாமல் கையைக் காட்டி வண்டியை அனுப்பினான்.

மருமகனோடு வேலை பார்க்கிற நம்ம ஊர் சாமித்துரை அப்போது ரெண்டு மாச லீவில் வந்திருந்தான். அவன்தான் ஓடிப்போய் உங்களுக்குத் தந்தி கொடுத்தான். மாசமாக இருக்கிறவள் துட்டி வீட்டுக்கு வரக்கூடாது, பிணத்தைப் பார்க்கக்கூடாது, அது எனக்கும் தெரியும். நீ புறப்பட்டு வந்திருந்தால் நானே தெருமுனையில் மறித்துத் திருப்பி அனுப்பியிருப்பேன். ஆனால் போகாதே என்பது ஒன்று, சொல்லாமலே மறைத்து வைப்பது இன்னொன்று. பதினாறாம் நாள் காரியம் கழிந்த பிறகுதான் உனக்குச் சொல்லியிருக்கிறார்கள். அதுவரைக்கும் நீ தலையில் பூ வைத்துக்கொண்டு, ஆக்கிப்போட்ட கறிச்சோறு தின்றுகொண்டு இருந்திருக்கிறாய். மருமகனை நான் சொல்ல மாட்டேன், அவர் தாயார் முகத்தைப் பார்த்துப் பேசுகிறவர். உன் மாமியாரை, மதினியைத்தான் சொல்லுகிறேன். உன் கல்யாணத்துக்கு மறுவருஷம் குளத்தூரில் மதினியின் தகப்பனார் செத்தபோது மதினி தெருப்புழுதியில் புரண்டு அழுததை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். தூக்கி உட்காரவைத்து மூஞ்சியைத் துடைத்துவிட்டதும் நான்தான். அழாதே என்று அன்றைக்கு நான் சொல்லவில்லை.

இப்போது அந்தக் கடுகு விஷயத்துக்கு வருகிறேன். வாய்க்கு ஒன்றும் பிடிக்கவில்லை, அத்திப்பழத்தில் கடுகு போட்டது இருந்தால் தேவலை என்று நீ முன்னே எழுதியிருந்தாய் அல்லவா? அதைப் படித்த நாளிலிருந்து உங்க ஐயா தினமும் கிணற்றடிக்குப் போய் மரத்தைப் பார்த்துவிட்டு வந்தார். அடிமரத்தில் தொங்கின காய்க்குலைகளை அணில் கடிக்காமல் இருக்கப் பழைய சாக்கைச் சுற்றிக் கட்டிவைத்தார். சாமித்துரை லீவு முடிஞ்சு போறதுக்குள்ள செஞ்சு குடுத்துருட்டி, பிள்ளை கேட்டிருக்கா என்று என்னைப் பிடுங்கி எடுத்தார். அவர் போய்விட்டார். மரத்துக்கு அது தெரியுமா? அது பாட்டுக்குப் பழுத்தது. காரியத்துக்கு முன்னால் ஒரு நாள் தண்ணீர் இறைக்கப் போனபோது சாக்குக்குள்ளிருந்து பழவாடை அடித்தது. அவர் போட்ட முடிச்சு. மாட்டுக்குப் போடுகிற முடிச்சு, இழுக்க இழுக்க இறுகும். நகம் பிய்ந்துபோய்விட்டது எனக்கு, அரிவாளால் அறுக்க மனசில்லாமல் பல்லால் கடித்து அவிழ்த்தேன். உள்ளே செக்கச்செவேல் என்று இருந்தது.

நீயும் இதைத் தெரிந்து வைத்துக்கொள், நாளைக்கு நான் இல்லாவிட்டாலும் செய்துகொள்ளலாம். ரொம்பக் கனிந்ததை எடுக்காதே, பாகில் கரைந்துவிடும். சிவப்பு ஏறி, தொட்டால் லேசாக அமுங்குகிற பழமாகப் பார்த்து எடு. நாலாகக் கீறி, உள்ளே இருக்கிற பூச்சியை எல்லாம் தட்டிவிட்டு, வெள்ளைத் துணியில் பரத்தி ஒரு வெயில் காயவிடு. கருப்பட்டியைக் கரைத்து வடிகட்டிப் பாகு காய்ச்சி, அதில் பழத்தைப் போட்டு, பாகு விரலில் ஒட்டுகிற வரைக்கும் சிறு தீயில் வைத்து இறக்கு. இறக்கி நன்றாக ஆறவேண்டும். இதில்தான் எல்லாரும் அவசரப்படுகிறார்கள். சூட்டில் கடுகைப் போட்டால் காரம் செத்து வெறும் கசப்புத்தான் நிற்கும். கடுகை வெயிலில் காயவைத்துப் பச்சையாகவே இடித்து, உப்பும், காய்ச்சி ஆறவைத்த புளித்தண்ணீரும் விட்டுப் பிசைந்து மூடி வை. கொஞ்ச நேரம் கழித்துத் திறந்தால் மூக்கில் அறைய வேண்டும். அறைந்தால்தான் கடுகு. அதற்குப் பிறகு ஆறின பழத்தில் கலந்து, மேலே நல்லெண்ணெய் ஊற்றி ஜாடியில் கட்டு. எதிர்வீட்டு நாயக்கரம்மா மாங்காய்க்குச் செய்கிற பக்குவத்தைத்தான் நாம் அத்திக்குச் செய்கிறோம்.

உரலில் உலக்கை விழுந்த சத்தம் கேட்டதும் உன் பெரிய அத்தை இசக்கி ஓடி வந்தாள். காரியம் முடிகிற வரைக்கும் தம்பி வீட்டில் எல்லாம் முறைப்படி நடக்கிறதா என்று பார்க்க உட்கார்ந்திருந்தவள். துட்டி வீட்டில் தாளிக்கக்கூடாது, கடுகு வெடிக்கக்கூடாது, அதுவரைக்கும் சரியாகத்தான் நடந்துகொண்டிருந்தது. ஏட்டி பாலம்மா, எந்தம்பி போன எடம் இன்னும் காயல, அதுக்குள்ள கடுகு இடிக்கியே, நீ பொம்பளையா என்று கத்தினாள். நான் சொன்னேன், மதினி, தாளிக்கத்தான் கூடாது, இந்தக் கடுகு எண்ணெயையும் பார்க்கல தீயையும் பார்க்கல, இது எந்த முறையில தப்புன்னு சொல்லுங்க என்றேன். அவள் தெருவைக் கூட்டிவிட்டாள். ஊருக்கு முறை சொல்லுகிற உக்கிரபாண்டித் தாத்தாவைக் கூட்டிவந்து உரலுக்கு முன்னால் நிறுத்தினார்கள். அவர் குனிந்து பார்த்தார், மோந்து பார்த்துத் தும்மினார். சத்தம் கேட்டாத்தான தாளிப்பு, இது சத்தங்காட்டாமக் கெடக்கு, தும்மலுக்கு யாரும் தீட்டுச் சொல்லல, விடுங்க தாயி என்று சொல்லிவிட்டு மறுபடியும் தும்மிக்கொண்டே போனார்.

அதோடு விட்டாளா? பிசைந்து மூடின சட்டியை நான் திறந்தேன், நெடி மூஞ்சியில் அடித்தது, கண்ணில் தண்ணீர் கொட்டிவிட்டது. எழவு விழுந்த அன்றையிலிருந்து பாலம்மா கண்ணு நனையல, கல்லு மனசுக்காரி என்று ஊர்முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தவள் உன் அத்தை. நான் அழுவதைப் பார்த்ததும் வந்து கட்டிப்பிடித்து எந்தம்பி எந்தம்பி என்று ஒப்பாரி வைத்தாள். பாதி ஒப்பாரியில் அவள் மூக்கிலும் ஏறிவிட்டது. சட்டியைப் பார்த்தாள். அடிப்பாவி, கடுகுக்கா என்னை அழவச்சே என்று எழுந்து போனவள், நான் பழத்தில் கலந்து ஜாடியில் கட்டினதும் வந்து ஒரு ஜாடியைத் தூக்கிக்கொண்டுபோய்க் குப்பைக்குழியில் கவிழ்த்துவிட்டாள். எனக்குக் கொட்டின தண்ணீரில் கடுகுக்கு எவ்வளவு, உங்க ஐயாவுக்கு எவ்வளவு என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஆனால் அவள் திரும்பி வருவதற்கு முன்னாலேயே இன்னொரு ஜாடியைப் பருத்திவிதை கொட்டிவைக்கிற மண்குலுக்கைக்குள் புதைத்து வைத்திருந்தேன். கடுகுக்கு அழுதுவிட்ட வயிற்றெரிச்சலில்தான் குளத்தூருக்குச் சேதி சொல்லியனுப்பியிருக்கிறாள். குளத்தூரிலிருந்து புசாவலுக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

அந்த ஜாடியைத்தான் இந்தக் கடிதத்தோடு சாமித்துரையிடம் கொடுத்துவிடுகிறேன். உன் கையில்தான் கொடுக்கவேண்டும், வேறு யார் கை நீட்டினாலும் கொடுக்காதே என்று சொல்லியிருக்கிறேன். தயிர்ச்சோற்றுக்கு ஒரு துண்டு போதும், கடுகு சூடு, அள்ளி அள்ளித் தின்னாதே. மதினி பார்க்கிற மாதிரி முன்னால் உட்கார்ந்து தின்னு. மூக்கில் ஏறும், கண்ணில் தண்ணீர் வரும், வரட்டும். என்னட்டி அழுகே என்று கேட்டால் கடுகு அத்தை, கடுகு என்று சொல்லிவிட்டு, உங்க ஐயாவுக்கு அழவேண்டியது எல்லாவற்றையும் அழுதுவிடு. நாலு நாளைக்கு அழு, ஜாடி தீருகிற வரைக்கும் அழு. அழுத தாயின் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது, நீ என் வயிற்றில் இருக்கும்போதுதான் என் ஆத்தா செத்தாள், அழாமலா இருந்தேன்? நீ குறையாகவா பிறந்தாய்?

பிரசவம் இங்கேதான். துட்டி வீடு என்றால் அந்த வீட்டில் ஒரு பிள்ளை அழுகிற சத்தம் கேட்டால்தான் துட்டி தீரும், இதை மதினியிடம் நான் சொன்னதாகச் சொல். புரட்டாசி பிறந்ததும் சாமித்துரை தாயாரைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு நானே ரயிலேறி வருவேன். மதுரைக்கு அந்தப்பக்கம் நான் போனதில்லை, போகமாட்டேன் என்று நினைக்கவேண்டாம். வாசலை மறித்தால் வாசலில் உட்காருவேன், நீ வெளியே வருகிற வரைக்கும் எழுந்திருக்க மாட்டேன். ஐப்பசி மழை விழுந்துவிட்டால் கரிசல் பிடித்துக்கொள்ளும், வண்டிச் சக்கரம் நகராது, அதற்கு முன்னால் நீ இங்கே வந்து சேர்ந்துவிட வேண்டும். துணிமணிகளை இப்போதே எடுத்து வை.

நீயும் மருமகனும் வயிற்றுப்பிள்ளையும் ஒரு குறையில்லாமல் இருக்க வேண்டும், மதினியும் நன்றாகத்தான் இருக்கவேண்டும், நான் சாபம் விடுகிறவள் இல்லை. ஜாடியைத் தரையில் வைக்காதே, ஈரக் கரண்டி போடாதே, ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டாலும் பூஞ்சை பிடித்துவிடும். அதனால் அழும்போது ஜாடியை மூடித் தள்ளி வைத்துவிட்டு அழு.

இப்படிக்கு
உன் அம்மா
சிவனாண்டி சம்சாரம் பாலம்மாள்