வெள்ளிக்கிழமைக்கு ஒரு சட்டை

ஆர்ட்கிளாஷ்,
திங்கட்கிழமை மாலை.

அன்பு மகன் ரூரிக்கு,

அம்மா எழுதுவது. சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று கேட்டுத்தான் தொடங்க வேண்டும், கேட்டதாகவே வைத்துக்கொள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அப்பாவை வெள்ளிக்கிழமை அடக்கம் செய்கிறோம். நீ தாளில் கையெழுத்துப் போட்டால் ஒரு பகல் மட்டும் காவலோடு அனுப்புகிறோம் என்று சிறையில் சொன்னார்கள். நீ போட மறுத்துவிட்டாயாம். "கைவிலங்கோட ஊர் முன்னாடி வந்து நிக்க மாட்டேன், ஆங்கஸ் மாமா மூஞ்சியில முழிக்க மாட்டேன்னு ஒத்தக் கால்ல நிக்கிறாம்மா" என்று சிறைப் பாதிரியார் தொலைபேசியில் சொன்னார். நாளை மதியத்துக்குள் போடாவிட்டால் அவ்வளவுதான். பக்கத்து வீட்டு மைரியின் கணவர் இன்றே காரில் கிளம்பி இந்தக் கடிதத்தையும் துணிப் பையையும் பாதிரியாரிடம் சேர்க்கிறார்.

நீ வருகிறாய் என்றுதான் நான் எல்லாம் எடுத்துவைத்திருக்கிறேன். வேறு மாதிரி நினைக்க எனக்குத் தெம்பில்லை.

உன் கட்டம் போட்ட கில்ட் பாவாடையைப் பூச்சி அரிக்கவில்லை. ஈரத்துணி போட்டு மடிப்பு மடிப்பாகத் தேய்த்தேன். நீ இளைத்துப்போனதாகக் கேள்வி. இடுப்பு வாரில் இன்னொரு துளை போட்டிருக்கிறேன். சட்டைதான் என்னைப் பாடாய்ப் படுத்திவிட்டது. கோடையிலிருந்து என்னைப் பார்க்கவும் மாட்டேன் என்கிறாய். பெற்ற பிள்ளையின் கழுத்து அளவு தெரியாமல் அலமாரி முன்னால் உட்கார்ந்து அழுதேன், ரூரி. மறைத்து என்ன ஆகப்போகிறது.

நெஞ்சில் சுருக்கு வைத்த சட்டை கல்யாணத்துக்குத்தான் சரி. கழுத்தில் நாடா கட்டுகிற அந்தத் தொளதொளச் சட்டைக்குக் கை அகலம், எதையும் மறைத்துவிடும். ஆனால் அது ஆட்டத்துக்குப் போடுவது. அதற்கு டை கட்ட முடியாது. கடைசியில் அப்பாவின் வெள்ளைச் சட்டையையே எடுத்தேன். கழுத்துப் பொத்தானை உள்ளே தள்ளித் தைத்திருக்கிறேன். இறுக்கினால் திறந்து விட்டுக்கொள், டை மறைத்துக்கொள்ளும்.

மணிக்கட்டுதான் கவலை. சவப்பெட்டியை நம் வழக்கப்படி ஆளுக்கொரு கயிறு பிடித்துக் குழிக்குள் இறக்கும்போது கையை முன்னால் நீட்டித்தான் கயிற்றை விட வேண்டும். அப்போது கோட்டும் சட்டையும் மேலே ஏறி விலங்கு தெரிந்துவிடும். ஆகவே நாய்ச் சங்கிலியை என் கையில் சுற்றிக்கொண்டு, அந்தச் சட்டையைப் போட்டு, கண்ணாடி முன் நின்று கயிறு விடுவதுபோல நீட்டி நீட்டிப் பார்த்தேன். சூப் கொண்டுவந்த மைரி அப்படியே வாசலில் நின்றுவிட்டாள். "இஷ்பெல், உனக்குப் புத்தி கித்தி பேதலிச்சுப்போச்சா?" என்றாள். காரணத்தைச் சொன்னேன். பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு, "இன்னும் ரெண்டு விரல் நீளம் வேணும்டி" என்று கத்தரிக்கோலை எடுத்தாள். சட்டையின் வாலை வெட்டிக் கைமுனையில் ஒட்டுப்போட்டோம். வால் கில்ட்டுக்குள் போய்விடும், யார் பார்க்கப்போகிறார்கள்? இப்போது எவ்வளவு நீட்டினாலும் விலங்கு தெரியாது. உன் கையோடு பிணைத்துக்கொள்ளும் அதிகாரி கருப்புக் கோட்டில் வந்தால், யாரோ தூரத்து உறவு என்றே நினைத்துக்கொள்வார்கள்.

காலுறை வெள்ளை வேண்டாம். நான் பின்னிய சாம்பல் நிறத்தை வைத்திருக்கிறேன். இடுப்புப் பைக்குச் சங்கிலி கூடாதாம், தோல் வார் மாற்றியாயிற்று. காலுறையில் செருகும் சிறு கத்தியைப் பற்றிக் கேட்க எனக்கே கூச்சமாக இருந்தது, ஆனாலும் கேட்டேன். "ஏம்மா, கைதி கையில நாங்களே கத்தியைக் குடுத்து அனுப்பணுமா?" என்று தொலைபேசியில் சிறை அதிகாரி சிரித்துவிட்டார். முன்மடிப்பில் குத்தும் கில்ட் ஊசியும் கூடாதாம். கல்லறை மேட்டில் அடிக்கும் காற்று உனக்குத் தெரியாததா? முன்மடிப்பின் ஓரத்தில் அப்பாவின் தூண்டில் ஈயக் குண்டுகளை வைத்துத் தைத்திருக்கிறேன். அந்த அதிகாரியிடம் சொல்லிவிட்டுத்தான் செய்தேன், பயப்படாதே.

இனி ஆங்கஸ் விஷயம். நீ குடித்துவிட்டு வண்டி ஓட்டினாய், பக்கத்தில் இருந்த யூவன் போய்விட்டான். அவனைப் பெற்றவன் ஆங்கஸ். இதை நான் பூசி மெழுகிப் பேசப்போவதில்லை. அன்றிலிருந்து அவன் நம் வாசல்படி மிதிக்கவில்லை. ஒரே படகில் தொழில் செய்தவர்கள், அப்பாவோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் சென்ற குளிர்காலத்திலேயே அப்பா, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த அன்று, என்னிடம் சொல்லிவிட்டார்: "தலைமாட்டுக் கயிறு ரூரிக்கு. கால்மாட்டுக் கயிறு ஆங்கஸுக்கு. மத்தது யாருக்கு வேணா குடு."

நேற்று மைரி போய் ஆங்கஸிடம் சொல்லியிருக்கிறாள். இன்று காலை அவனே வந்தான். தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியிலேயே நின்றான். "தலைமாட்டுல யாரு?" என்றான். ரூரி என்றேன். மீன்பிடித் துறைப் பக்கம் திரும்பிக்கொண்டான். பிறகு சொன்னான்: "அவன்மேல எனக்கு ஆறல, அக்கா. ஆறும்னும் தோணல. ஆனா உன் வீட்டுக்காரன் டூகல் சொல்லிட்டுப் போனா நான் மீற முடியுமா? அவனை நிதானமா விடச் சொல்லு. ஒருத்தன் அவசரப்பட்டாலும் பெட்டி சாஞ்சிரும்." உள்ளே வரவில்லை. தேநீரும் வேண்டாமென்று போய்விட்டான்.

நீ வராவிட்டால் தலைமாட்டில் சவ அடக்கக்காரர் நிற்பார். கூலிக்கு நிற்பவர். நான் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும்.

பையில் டை இருக்காது, தேடாதே. கழுத்தில் கட்டுவதை உள்ளே தரமாட்டார்களாம், கோயில் வாசலில் வந்துதான் கட்டிக்கொள்ள வேண்டுமாம். புதிதாக ஒரு கருப்பு டை வாங்கினேன். பிறகு அப்பாவின் பழைய டையையே எடுத்துக்கொண்டேன். யூவனைப் புதைத்த அன்று அப்பா கட்டியிருந்தது. ஆங்கஸுக்கு அடையாளம் தெரியும். தெரியட்டும்.

ஒரு கை பிணைத்திருக்க உன்னால் முடிச்சுப் போட முடியாது. நான் வாசலில் நிற்பேன். நீ எதுவும் பேச வேண்டாம், அழ வேண்டாம், யார் முகத்தையும் பார்க்க வேண்டாம். கொஞ்சம் குனிந்து கொடு. எனக்கு எட்ட வேண்டும்.

கையெழுத்துப் போட்டுவிடு, என் கண்ணே. உன் கை நடுங்காமல் கடவுள் பார்த்துக்கொள்வார்.

டையோடு காத்திருக்கும்
உன் அம்மா
இஷ்பெல்