தாளில் சுற்றிய போத்தல்

என்னங்க,

நீங்கள் கேட்டதற்கு இன்னும் பதில் எழுதவில்லை. அதற்கு முன் இதைக் கேளுங்கள்.

டைட்டானியப் பொடியோடு மங்குஸ்தான் தோலின் சாயத்தைச் சேர்த்து ஒரு கலவை செய்தேன். வெயில் பட்டால் அது தண்ணீரிலிருந்து ஹைட்ரஜனைப் பிரிக்க வேண்டும். கண்டியின் அரைகுறை வெயிலுக்கே குமிழ் குமிழாக வந்தது. அன்று கட்டுகஸ்தோட்டை பஸ்ஸில் தனியாகச் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போனேன்.

எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. அதே கலவையை இன்னொரு போத்தலில் ஊற்றி, வெளிச்சம் புகாமல் அலுமினியத் தாளில் சுற்றி வைப்போம். அதில் எதுவும் வரக்கூடாது. அப்போதுதான் மற்றதை வெயில் செய்தது என்று நம்பலாம். சந்தோஷத்தில் அதைச் செய்யாமல் விட்டுவிட்டேன். போன வாரம்தான் வைத்தேன்.

அதிலும் குமிழ் வந்தது. அதே அளவு.

ஆய்வுகூட உதவியாளர் அண்ணன் எட்டிப் பார்த்து, "என்னம்மா, வெயிலே இல்லாம நல்லாத்தானே வேல செய்யுது!" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. பாவம், மனுஷன் பயந்துபோனார். மூன்று தடவை திரும்பச் செய்தும் அப்படியேதான்.

நீங்கள் கனடா போய் ஏழு மாதம். "நீ இல்லாம முடியல, வேலைய விட்டுட்டு வந்துரு. உனக்கு அங்க எப்புடி இருக்கு?" என்று கேட்டீர்கள்.

நன்றாகச் சாப்பிடுகிறேன். தூக்கமும் வருகிறது. சிரிக்கிறேன்கூட. நீங்கள் பக்கத்தில் இருந்தபோது எவ்வளவு சிரித்தேனோ, அதே அளவு.

எங்கே பிழை என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கும்,
உங்கள் மனைவி