ஒன்றாம் வகுப்பு கேட்டறியாத சங்கு

14-3-1975, வெள்ளி

இன்று கணக்குப் பாடத்தின் நடுவில் மில் சங்கு ஊதியது. லாக்அவுட்டில் பூட்டிக் கிடக்கும் மில்லில் சங்கு ஊதினால் போலீஸ் வந்திருக்க வேண்டும், இல்லை தீப்பிடித்திருக்க வேண்டும். மில் கேட்டில் மறியலுக்கு உட்காரும் முறை இன்றைக்கு இவருடையது.

நாலாம் வகுப்பு முழுக்கப் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டது. பழக்கதோஷம். மில்காரன் கட்டிய பள்ளிக்கூடம் இது. அன்றிலிருந்தே தனி மணி கிடையாது, சங்கு ஊதினால் வீட்டுக்கு. "உட்காருங்க!" என்று கத்தினேன்.

பக்கத்தில் ஒன்றாம் வகுப்பு ஓவென்று அழுதது. மில் பூட்டிய பிறகு சேர்ந்த பிள்ளைகள், இவ்வளவு கிட்டத்தில் சங்கைக் கேட்டதே இல்லை. ஒருத்தி என் புடவையைப் பிடித்துக்கொண்டு, "திதிமணி, அது என்ன மிருகம்?" என்றாள். இந்த ஊரில் டீச்சர் என்றால் திதிமணி.

அப்போதுதான் இவர் மூச்சிரைக்க ஓடி வந்தார். "ஒப்பந்தம் கையெழுத்தாயிடுச்சு! திங்கக்கிழமை மில் திறக்கறாங்க. சங்கு வேலை செய்யுதான்னு ஊதிப் பார்த்தாங்க."

"சொல்லிட்டு ஊதினா குறைஞ்சா போயிடும்?" என்று எரிந்து விழுந்தேன். இத்தனை மாசம் வேண்டிக்கொண்டதற்கு வாயில் வந்தது அதுதான். பிறகு படியில் உட்கார்ந்து அழுதேன்.

மில் பூட்டியதிலிருந்து கூலிக்குப் போய்க்கொண்டிருந்த பவானிபூர் ஓட்டலுக்குச் சாயங்காலமே போய், இனி மாவாட்ட வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தார். எல்லாரையும் திரும்ப எடுப்பார்களா என்று நான் கேட்கவில்லை. இப்போது குறட்டை விடுகிறார்.

அந்தச் சின்னவளுக்குப் பதிலே சொல்லவில்லை. திங்களன்று மறுபடி கேட்பாள். கடிக்காது, தினமும் கத்தும், அவ்வளவுதான் என்று சொல்ல வேண்டும்.

கத்தட்டும்.