ஈரத் தரைக்கு அந்தப் பக்கம் நைனா

செவ்வாய். காலையிலேயே புழுக்கம்.
ஹாலுக்குப் புதுத் தரை போடறோம். கட்டில், பீரோ எல்லாம் பின்பக்க ரூமில். சமையலும் அங்கேயே. மேஸ்திரி காதர் பாய் சிமெண்ட் டைல்ஸை டிரம்மில் ஊறப் போட்டிருக்கார். காய்ஞ்சதைப் போட்டா கலவை ஈரத்தை உறிஞ்சிடுமாம், ஒட்டாதாம். நீலப் பூ. என் வீட்டுக்காரர் தாஸ் எடுத்த டிசைன்.

அத்தை போன். "உங்க நைனா நாளைக்கு உன் ஊட்டுக்கு வருதாம்டி."

நான் சர்ச்சில் கல்யாணம் பண்ணிக்கின கோவம். பெத்த அப்பனா இருந்தும் நைனா அதுலேர்ந்து இங்க எளாவூர் பக்கமே வந்ததில்லை. தாஸிடம் ஒரு வார்த்தை பேசினதில்லை.

புதன். மூட்டம். மழை இல்லை.
ஹால் முடிஞ்சது, வாசல்படி வரைக்கும். பாய் குறுக்கே கயிறு கட்டினார். யாரும் மெறிக்கக் கூடாது. பின்னாடி கழுவறப்போ ஆசிட் ஊத்தவே கூடாது, பூவு போயிடும். எண்ணெய் சிந்தினா உடனே துடைக்கணும்.

மத்தியானம் பின்பக்கம் மீன் கழுவறேன். நைனாவுக்குப் பிடிச்ச வவ்வால். பாய் கத்தல்: "ஏய், அங்கியே நில்லு! உள்ள வராத!"

ஓடிப் பார்த்தா, கயித்துக்கு அந்தப் பக்கம் வெள்ளைச் சட்டை முதுகு. நைனா. போறார். படியில் பழப் பை.

"யார்னு தெர்லமா..." பாய் முகம் செத்துப்போச்சு.

"நைனா!" லாரி சத்தம். திரும்பல. சந்து வழியா சுத்திக்கினு போறதுக்குள்ள பஸ் ஏறிடுவார். கயித்தைத் தூக்கினேன். மெறிச்சேன். டைல்ஸ் நழுவுது, இடுக்கில் கலவை பிதுங்குது. நிக்கல.

பஸ் ஸ்டாப். ரோட்டையே பார்க்கிறார்.

"வராதன்ட்டாங்க. போறேன்."

"தரை ஈரம் நைனா. உன்ன வராதன்னு இல்ல."

என் காலைப் பார்த்தார். கணுக்கால் வரை சிமெண்ட். "செருப்பு எங்கடி? காந்தும், கழுவு மொதல்ல." பஸ் வந்துச்சு. ஏறல.

சந்து வழியா கூட்டிக்கினு வந்தேன். வவ்வாலைப் பூனை தின்னுடுச்சு. ரசம்.

தாஸ் ஷிப்ட் முடிஞ்சு வந்து "வாங்க மாமா" என்றார். நைனா ரோட்டுப் பக்கம் திரும்பிக்கினார்.

வியாழன். வெயில்.
பாய் என் கால் பட்ட டைல்ஸையெல்லாம் பெயர்த்து, கலவையைச் சுரண்டறார். ஒண்ணு மட்டும் மூலை உடைஞ்சது. நைனா வாசலில் சேர் போட்டுப் பார்த்துக்கினே இருக்கார். தாஸ் லீவு. பக்கத்திலேயே நிக்கிறார்.

பாய் தண்ணி கேட்டார். நைனா திரும்பினார். என் பக்கம் இல்ல.

"இன்னா பாத்துக்கினு நிக்கிற? பக்கெட்ட எடுத்துனு வா, தாஸு."