அடுப்புப் பக்கத்துத் தொட்டில்

2022 ஜூன் 6, திங்கள்

தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் இன்று பதினொரு பிள்ளைகள். தாய்மார் தேயிலைக் கொழுந்து பறிக்கப் போனதும் அத்தனை பேரையும் பார்த்துக்கொள்ள நான் ஒருத்திதான். காஸ் தீர்ந்து மூன்று வாரமாகிறது. தோட்டத்து ஆபீசில் கேட்டால், "ஹட்டன் டவுன்லயே இல்ல டீச்சர், நாங்க என்னா செய்ய" என்று கையை விரிக்கிறார்கள். பிள்ளைகளுக்குக் கஞ்சி வேண்டுமே! மூலையில் கிடந்த விறகடுப்பைத் துடைத்து மூட்டினேன். விறகெல்லாம் ஊறிக் கிடக்கிறது, மண்ணெண்ணெயும் இல்லை. பிளாஸ்டிக் உரப்பையைக் கிழித்து வைத்துப் பற்றவைத்தேன். லயத்து வீடுகளில் எல்லோரும் செய்வதுதான்.

ஜூன் 9

விடாத மழை. ஜன்னலைத் திறந்தால் சாரல் தொட்டில்மேல் அடிக்கிறது, சாத்தினால் புகை போக வழியில்லை. சாத்திவிட்டேன். குளிருக்குப் புகை மேல்.

ஜூன் 13

கொழுந்து பறிக்கும் ஜீவராணி தன் மகனை இன்றுதான் கொண்டுவந்து விட்டாள். தர்ஷன், ஐந்து மாதம். இரண்டு கலைந்து மூன்றாவதாகத் தங்கியவன். கோழிக்குஞ்சு மாதிரி இருக்கிறான்.

"குளிரு தாங்க மாட்டான் டீச்சர், அடுப்புப் பக்கமா போடுங்க."

நானே நினைத்ததுதான். கடைசித் தொட்டிலை அவிழ்த்து அடுப்பை ஒட்டிக் கட்டினேன். சூட்டில் நன்றாகத் தூங்கினான். பத்து மணிக்குப் பால் கொடுக்க வந்தவள் அதைப் பார்த்துச் சிரித்தாள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

ஜூன் 20

தர்ஷனுக்கு இருமல்.

ஜூன் 22

எல்லாப் பிள்ளைகளுக்கும் சளி. அவனுக்குத்தான் மோசம். நெஞ்சில் தைலம் தடவி, தொட்டிலை இன்னும் கொஞ்சம் அடுப்புப் பக்கமாக நகர்த்திக் கட்டினேன்.

ஜூன் 24

மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தது. கொழுந்து மலைக்கு ஆளனுப்பி ஜீவராணியைக் கூப்பிட்டேன். ஆட்டோவுக்குப் பெட்ரோல் இல்லை. கொழுந்து லொறியில் டிக்கோயா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

அவள் பிள்ளையோடு உள்ளே இருக்க, டாக்டர் என்னிடம் வந்தார். சிங்களவர், தட்டுத்தடுமாறிய தமிழ். "நெஞ்சில கடும் சளிக்காய்ச்சல். புகை நிறைய போயிருக்கு. சின்னப் பிள்ளைக்குத் தாங்காது. அடுப்பு எங்க?"

"வீட்டுல எப்படின்னு எனக்குத் தெரியாதுங்க சேர்" என்றேன்.

இப்படியா சொன்னேன்? வாய் கூசவில்லையே!

ஜூன் 27

தர்ஷன் போய்விட்டான்.

ஜூன் 28

அடக்கம் முடிந்தது. ஜீவராணி அழக்கூட இல்லை. "சாமி குடுத்துச்சு, சாமியே எடுத்துக்கிருச்சு டீச்சர்" என்று என்னைத் தேற்றினாள். என்னை!

ஜூலை 1

அடுப்பை அணைத்து ஜன்னல்களைத் திறந்து போட்டேன். ஒரு மணி நேரத்தில் பிள்ளைகள் நடுங்கி அழ ஆரம்பித்தன. பசி வேறு. மறுபடி மூட்டினேன் — வேற என்னாதான் செய்யிறது? உரப்பை மட்டும் வைக்கவில்லை. அதனால் அரைமணி நேரம் கூடுதலாகப் புகைந்தது. அத்தனை பிள்ளைகளும் இருமுகின்றன. எல்லாத் தொட்டிலையும் தள்ளிக் கட்டினேன். இவ்வளவு சின்ன அறையில் எவ்வளவு தூரம்தான் தள்ளுவது?

ஜூலை 18

காஸ் வந்தது. ஒரு சிலிண்டர். இப்ப வந்து என்னா?

ஜூலை 21

ஜீவராணி வேலைக்கு வந்துவிட்டாள். பத்து மணிக்குப் பால் கொடுக்க வரும் மற்றத் தாய்மாரோடு அவளும் வாசலில் நின்றாள். "கால் தன்னால வந்துருச்சு டீச்சர்."

என்னால் தாங்க முடியவில்லை. தனியே அழைத்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன் — புகை, உரப்பை, டாக்டர் கேட்டது, நான் மழுப்பியது. அடிக்கட்டும், ஏசட்டும் என்றுதான் நின்றேன்.

"வீட்டுலயும் அடுப்புக்கிட்டதான் டீச்சர் போட்டு வச்சிருந்தேன். பொறந்ததுலருந்து" என்றாள். கூடையை எடுத்துக்கொண்டு மலைக்குப் போனாள்.

அவளாக என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. என் நெஞ்சு லேசாகட்டும் என்று நான்தான் சொன்னேன். சாமி எடுத்துக்கொண்டது என்று இத்தனை நாள் இருந்தாள், அதையும் பிடுங்கிவிட்டேன். இன்றைக்குச் சாயங்காலமும் வீட்டுக்குப் போய் அவள் அந்த அடுப்பைத்தான் மூட்ட வேண்டும்.