கையெழுத்துப் போடாத டீச்சர்

செப்டம்பர் 2, திங்கள்

ஆசிரியர் கூட்டம். தலைமையாசிரியை ஒரு தாளைச் சுற்றுக்கு விட்டார். 'நம் பள்ளியின் லட்சியம்' — நான்கு வரி, நான்கிலும் தேர்ச்சி விகிதம். தாளாளர் எழுதி அனுப்பியதாம். "எல்லாரும் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. வாசல் சுவர்ல பெயின்டர் எழுதப்போறார்."

"நம் பள்ளின்னா, அந்த 'நம்'முல யாரெல்லாம் மேடம்? பெத்தவங்களைக் கேட்டோமா, பிள்ளைங்களைக் கேட்டோமா?" என்றேன்.

"பதினோரு வருஷ சர்வீஸ்ல இதெல்லாம் உங்களுக்குப் புதுசா டீச்சர்?"

போடவில்லை. தாள் என்னைத் தாண்டிப் போயிற்று.

செப்டம்பர் 3

வீட்டுக்காரர்: "உனக்கெதுக்கு இந்த வம்பு?"

வம்புதான். இருக்கட்டும்.

செப்டம்பர் 7, சனி

மதியம் சயின்ஸ் லேபில் நானே கூட்டம் போட்டேன். பிள்ளைகளின் நோட்டில் ஒரு வரி எழுதி அனுப்பியதற்கு ஆறு பெற்றோர் வந்தார்கள். பள்ளி பஸ் டிரைவரும் வந்து ஓரமாக நின்றார்.

'உங்க பிள்ளை இங்கேருந்து எப்படிப்பட்ட ஆளா வெளியே போகணும்?' என்று கேட்டேன். முதலில் எல்லாரும் மார்க்கைத்தான் சொன்னார்கள். பிறகு வெல்டிங் பட்டறைக்காரர் — அவர் மகள் என் பத்தாம் வகுப்பில் — தலையைக் குனிந்தபடி சொன்னார்: "மார்க் வேணும் டீச்சர், இல்லேங்கல. ஆனா அவ ஏதாவது கேட்டா 'உட்காரு'ன்னு சொல்லிடறாங்களாம். இப்ப வீட்டுலயும் எதையும் கேக்கறதில்ல."

சொன்னது நான்தான். போன வாரம்கூட, பாடம் முடிக்கிற அவசரத்தில். முகத்தை எங்கே கொண்டு வைப்பது? எல்லார் முன்னிலும் ஒத்துக்கொண்டேன். பலகையில் முதல் வரியாக எழுதினேன்: கேள்வி கேட்கும் பிள்ளையை உட்காரச் சொல்வதில்லை.

செப்டம்பர் 10

மெமோ. அனுமதியின்றிக் கூட்டம் கூட்டியதற்கு மூன்று நாளில் விளக்கம் வேண்டுமாம். மூன்று நாள் எதற்கு? அரை மணியில் கொடுத்தேன்: ஆம், கூட்டினேன். இருபத்தொன்றாம் தேதி மறுபடியும் கூட்டுகிறேன்.

செப்டம்பர் 11

பத்தாம் வகுப்பைப் பிடுங்கிக்கொண்டு ஆறாம் வகுப்பைக் கொடுத்துவிட்டார்கள். இதுக்கெல்லாம் பயந்துடுவேன்னு நினைச்சாங்களா? ஸ்டாஃப் ரூமில் அழுதேன் — அது வேற. அன்றைக்கு முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்ட கணக்கு டீச்சர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். மெதுவாகக் கேட்டாள்: "இருபத்தொண்ணாம் தேதி எத்தனை மணிக்கு?"

செப்டம்பர் 21, சனி

நாற்பத்திரண்டு பேர். நிற்க இடமில்லை. பாதியில் தலைமையாசிரியை லேபைப் பூட்டுவதற்குப் பூட்டோடு வந்தார். ஒருவரும் அசையவில்லை. பட்டறைக்காரர் மட்டும் பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டார். "உட்காருங்க மேடம். இந்தப் பள்ளிக்கூடம் எப்படி இருக்கணும்னு நீங்களும் சொல்லுங்க."

பூட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். தன் முறை வந்தபோது, "இத என்கிட்ட யாரும் கேட்டதில்ல" என்றார்.

அக்டோபர் 4, வெள்ளி

மெமோ கோப்பில் அப்படியே இருக்கிறது. பத்தாம் வகுப்பு திரும்பக் கிடைக்கவில்லை. பலகையில் சேர்ந்த ஒன்பது வரிகளைத் தலைமையாசிரியையே தாளாளரிடம் கொண்டுபோனார். பெயின்டரை நிறுத்திவைத்திருக்கிறார்கள்.

இன்று தலைமையாசிரியை என் ஆறாம் வகுப்பு வாசலில் வந்து நின்றார். "நாளைக்குக் கூட்டத்துக்கு லேப் பத்தாது டீச்சர். பெரிய ஹாலைத் திறந்து வைக்கட்டுமா? தாளாளரும் வரேங்கறார்."

வரட்டும். இந்த முறை பிள்ளைகளும் வருகிறார்கள்; முன்வரிசை அவர்களுக்கு. தாளாளருக்குப் பின்வரிசையில் ஒரு நாற்காலி போடச் சொல்லியிருக்கிறேன்.